மணற்காட்டில் குடித்த கூழ்

கோப்பாய்ப் பக்கத்தில் நான் இரசாயனம் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் பஞ்சலிங்கம் அண்ணைதான் ஆய்வுகூட உதவியாளர். அமிலப் போத்தலை இறுக்கி மூடிவிட்டு இரண்டடி போவார். திரும்பி வந்து மூடியை இன்னொரு தரம் தொட்டுப் பார்ப்பார். பிள்ளைகள் சிரிப்பார்கள். அவர் கோபிக்கமாட்டார். "சிரியுங்கோ. ஆனா கையைக் கழுவிப்போட்டுச் சிரியுங்கோ" என்பார்.

இடைவேளை மணி அடித்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு உரும்பிராய்க்குப் போய்விடுவார். வீட்டு வாசற் படலையில் ஒரு காலை ஊன்றி நின்றபடி மனைவியைப் பார்ப்பார். குணலட்சுமி அக்கா சமைத்தபடியே குசினிக்குள் இருந்து எட்டி, "என்ன?" என்பார். "ஒண்டுமில்லை" என்றுவிட்டு அண்ணை திரும்பிவிடுவார். அரை மணி நேரத்துக்குள் மறுபடியும் ஆய்வுகூடத்தில் நிற்பார். ஏழு வருடத்துக்கு மேலாக இதுதான் நடந்தது. பள்ளிக்கூட வேலைக்கு அல்லாமல் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவர் வீட்டைவிட்டு விலகி இருந்ததை ஒருவரும் கண்டதில்லை.

காரணம் ஊருக்குத் தெரியும். எண்பத்தேழாம் ஆண்டு ஐப்பசியில், ஆய்வுகூடம் பூட்டியிருக்கிறதா என்று பார்த்து வரப் போனவர் ஊரடங்கில் அகப்பட்டுக்கொண்டார். உரும்பிராய்ப் பக்கம் இந்திய ஆமியின் ஷெல் விழுகிற சத்தம் கோப்பாயில் அவருக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. நாலு நாள் அப்படியே போனது. ஐந்தாம் நாள் நடந்து வீட்டுக்கு வந்தால் வீடு திறந்து கிடந்தது, ஆளில்லை. கடைசியில் ஒரு கோயில் மண்டபத்தில், முந்நூறு சனத்துக்கு நடுவில், கால் வீங்கிப்போய் இருந்த அக்காவைக் கண்டுபிடித்தார். அதைப்பற்றி இருவரும் பிறகு வருடக்கணக்காகக் கதைக்கவேயில்லை என்று அக்கா எனக்குச் சொல்லியிருக்கிறார். அதன் பிறகுதான் இந்தப் படலை வரைக்கும் வந்து பார்த்துவிட்டுப் போகிற வழக்கம் தொடங்கியது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தை மாதம் சண்டைநிறுத்தம் வந்தது. குண்டு போடுகிற பொம்மர் வரவில்லை. பிள்ளைகள் பங்கருக்குள் இறங்காமல் மூன்று வாரம் தொடர்ந்து படித்தார்கள். பஞ்சலிங்கம் அண்ணைக்கு அதுவே பெரிய கவலையாகிவிட்டது. "இவ்வளவு அமைதியா இருந்தா என்னவோ பெரிசா வரப்போகுது, சேர்" என்று என்னிடம் சொல்லுவார்.

அந்த நாட்களில் ஒரு காலை, வடமராட்சிக் கடற்கரையில் இருக்கிற மணற்காட்டில் இருந்து பஞ்சலிங்கம் அண்ணை வீட்டுக்கு லியோன் சைக்கிளில் வந்தான். லியோன் கடற்றொழிலாளி. வடமராட்சியில் ஆமி இறங்கியபோது அவனும் மனைவி லூர்த்தம்மாவும் ஓடிவந்து இவர்களுடைய வீட்டுப் பின்கொட்டிலில் மூன்று கிழமை இருந்தார்கள். அன்றிலிருந்து வருடத்தில் ஒருதரமாவது ஒரு பார்சல் கருவாட்டோடு வந்து போவான்.

"இப்ப கரையோரம் வலை போட விடுறாங்கள், அண்ணை. நல்ல மீன் படுது. அக்காவையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா வாங்கோவன். லூர்த்து கூழ் காய்ச்சித் தருவாள்."

அண்ணை சிரித்து மழுப்பப் பார்த்தார். அதற்குள் அக்கா, "தை இருபத்தொன்பதுக்கு எங்களுக்குக் கலியாணம் முடிச்சு இருபத்தைஞ்சு வருஷம். சனிக்கிழமையும்கூட. அண்டைக்கு வாறம், நிண்டு ஞாயிற்றுக்கிழமை திரும்புறம்" என்றுவிட்டார்.

லியோன் போனபிறகு வீட்டில் வாக்குவாதம்.

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்? வல்லைவெளியைக் கடக்கவேணும். ஒதுங்க ஒரு பத்தைகூட இல்லாத இடம்."

"கலியாணம் முடிஞ்ச கையோடை கண்டிக்குக் கூட்டிக்கொண்டு போறன் எண்டனீங்கள். ஐயா செத்துப்போனார், போகேல்லை. பிறகு மகன் பிறந்தான், போகேல்லை. அவனும் இப்ப சுவிசிலை. இனி நான் ஆரோடை போறது? கண்டிதான் வேண்டாம், மணற்காட்டுக்காவது போவம். ஒரு வாய் நல்ல கூழ் குடிச்சு எத்தினை வருஷம்?"

அண்ணையின் தமக்கைக்கும் செய்தி போனது. "உங்கை அவையின்ரை வீட்டிலை போய்ச் சாப்பிடப் போறியளோ?" என்று அவர் சாதி பார்த்து முகத்தைச் சுளித்தார். "ஓம் மச்சாள், வயிறு நிறையச் சாப்பிடப் போறம்" என்றார் அக்கா. அதோடு அந்தக் கதை முடிந்தது.

அந்தக் கிழமை முழுவதும் அண்ணைக்கு நித்திரை இல்லை. ஒரு பையில் சாமான் அடுக்கினார்: அடையாள அட்டைகள், காணி உறுதி, பஞ்சு, டெட்டோல், பனடோல், ரியூப் ஒட்டுகிற பசை, இரண்டு மெழுகுதிரி, ஒரு கயிறு, கொதித்தாறிய தண்ணீர். அக்கா தன்னுடைய பையில் ஒரு மாற்றுச்சேலையும் லூர்த்தம்மாவுக்கென்று ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்தார்.

சனிக்கிழமை விடிந்து வெளிச்சம் வந்தபிறகு இரண்டு சைக்கிளில் புறப்பட்டார்கள். அக்கா கரவெட்டியில் பிறந்தவர், அந்த றோட்டில் சைக்கிள் ஓடி வளர்ந்தவர். நீர்வேலி, புத்தூர், ஆவரங்கால் என்று எதிர்க்காற்றுக்குள்ளும் முன்னுக்கே போய்க்கொண்டிருந்தார். பின்னால் அண்ணை, "மெல்லமாப் போம்! ஓரமாப் போம்!" என்று கத்திக்கொண்டு மிதித்தார்.

வல்லையில் முனியப்பர் கோயிலடியில் இறங்கிக் கற்பூரம் கொளுத்தினார்கள். அண்ணை திருநீற்றை நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். பிறகு வெளி தொடங்கியது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் றோட்டு, மேலே வானம். பாதி தூரம் போயிருப்பார்கள், ஆமியின் விமானத்தளம் இருக்கிற பலாலிப் பக்கம் ஒரு இரைச்சல் கேட்டது.

அண்ணை சைக்கிளை அப்படியே போட்டார். ஓடிப்போய் அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். இருவருமாக றோட்டோரச் சரிவில் சேற்றுக்குள் விழுந்தார்கள். அவர் அக்காவின் தலையைத் தன் கையால் மூடிக்கொண்டார். இரைச்சல் உயரத்தில் வந்து, கடந்து, அடங்கியது. விறகு கட்டிக்கொண்டு போன ஒருவர் சைக்கிளை நிற்பாட்டி, "அண்ணை, அது சாமான் ஏத்துற பிளேன். ஒவ்வொருநாளும் போறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்காவின் சேலை முழங்கால் வரைக்கும் சேறு. எழும்பி நின்று அதைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார்.

"இருபத்தைஞ்சு வருஷத்திலை இண்டைக்குத்தான் நீங்கள் என்ரை கையைப் பிடிச்சு இழுத்திருக்கிறியள்."

அண்ணைக்குச் சிரிப்பு வரவில்லை. "திரும்பிப் போவம்" என்றார். "கிட்டக் கிட்ட வந்திட்டம்" என்று அக்கா சைக்கிளை நிமிர்த்தினார். கிட்டக் கிட்ட ஒன்றும் இல்லை. இன்னும் பாதித் தூரம் இருந்தது. ஆனால் தனியே திரும்ப அவருக்கு ஏலாது.

நெல்லியடியில் தேத்தண்ணீர் குடித்து, மந்திகை ஆஸ்பத்திரியைக் கடந்து, வல்லிபுரக் கோயிலடியில் சற்று ஆறி, மணலுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு பதினொரு மணிபோல லியோன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். சவுக்கு மரத்துக்குக் கீழே மூன்று கல் வைத்து லூர்த்தம்மா பெரிய பானை ஏற்றியிருந்தாள். நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, விடியக் கரைக்கு வந்த மீனின் தலைகள் எல்லாம் பானைக்குள் கொதித்தன. ஊறவைத்த பனங்கிழங்கு ஒடியல் மாவையும் அரைத்த செத்தல் மிளகாயையும் பழப்புளியையும் லூர்த்தம்மா கரைத்துவிட, கூழ் தடித்து வந்தது. அந்த மணத்தில் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

லியோன் பனையோலையைக் கிண்ணம்போல மடித்துப் பிளா கோலித் தந்தான். ஆளுக்கொரு பிளாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மணலில் இருந்தார்கள். "முள்ளுப் பாத்துக் குடியுங்கோ, தலை போட்டிருக்கு" என்றாள் லூர்த்தம்மா. அக்கா ஊதி ஊதிக் குடித்தார். மூக்கால் தண்ணீர் ஓட ஓடக் குடித்தார். குடித்துக்கொண்டே கதைத்தார். சின்ன வயதில் மாசி மாதத்தில் இந்தக் கடலுக்கு வந்த கதை, மாமன் மச்சாள் கதை, கரவெட்டியில் ஆருடைய வீட்டுக் கூழ் திறமென்கிற கதை.

அண்ணை கூழைக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்தார். தூரத்தில் கறுப்பாக ஒரு பொட்டுத் தெரிந்தது.

"லியோன், உது நேவியோ?"

"ஓம் அண்ணை. அது அதிலைதான் நிக்கிறது. குடியுங்கோ, ஆறப்போகுது."

"அசையிற மாதிரிக் கிடக்குது."

"அலைக்கு அசையுது."

அண்ணை அந்தப் பொட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது கிட்ட வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, சவுக்கங்காடு எத்தனை அடி, பை எங்கே இருக்கிறது என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஏதோ குறைவதுபோல இருந்தது. என்னவென்று முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அக்காவின் கதை நின்றுவிட்டது.

திரும்பினார். அக்கா பிளாவைக் கீழே வைத்துவிட்டு ஒரு கையால் தொண்டையைப் பிடித்திருந்தார். கண் இரண்டும் பிதுங்கியிருந்தன. இருமினார், ஒன்றும் வரவில்லை. மறுபடியும் இருமினார்.

"முள்ளு!" என்றாள் லூர்த்தம்மா.

அவள் ஓடிப்போய்ச் சோறு உருட்டிக்கொண்டு வந்தாள். அக்கா ஒரு உருண்டையை விழுங்கினார். முகம் நோவில் கோணியது. வாழைப்பழம் கொடுத்தார்கள். அது பாதி இறங்கி, பாதி துப்பலாக வந்தது. துப்பலில் இரத்தம் இருந்தது.

"காணும்! இனி ஒண்டும் குடுக்காதையுங்கோ" என்று அண்ணை கத்தினார். "தள்ளத் தள்ள ஆழமாப் போகும். மந்திகைக்குப் போவம்."

லூர்த்தம்மா தொண்டைக்குக் காவலான புனிதரை விடாமல் மன்றாடினாள். "தலை போட்டது நான்தானே" என்று அழுதாள். லியோன் தன் சைக்கிளை எடுத்து, "நான் ஏத்துறன் அண்ணை, நீங்கள் ஏற்கெனவே மிதிச்சுக் களைச்சிட்டியள்" என்றான்.

"இல்லை. நான் ஏத்துறன்."

மணல் முடியும்வரை அக்காவைக் கரியரில் இருத்திக்கொண்டு இருவருமாகத் தள்ளினார்கள். கல்றோட்டு வந்ததும் அண்ணை ஏறி மிதித்தார். லியோன் பக்கத்தில் வந்தான். எட்டுக் கிலோமீற்றருக்கு மேல் தூரம். அவருடைய பை மணற்காட்டிலேயே கிடந்தது. அது அவருக்கு நினைவில்லை. வானத்தையும் பார்க்கவில்லை. பின்னால் அக்கா இருக்கிற பாரம் மட்டும் தெரிந்தது, சத்தம் இல்லை. கலியாணம் முடித்த நாளிலிருந்து ஒரு பாதை நீளத்துக்கு அக்கா கதைக்காமல் வந்ததேயில்லை.

"இருக்கிறீரோ?" என்று கேட்டார்.

மிதித்தபடியே தலையைப் பின்னுக்குத் திருப்பினார்.

"கதைக்க வேண்டாம். இருக்கிறீர் எண்டா என்ரை முதுகிலை ஒருக்காத் தட்டும்."

ஒரு தட்டு விழுந்தது. நூறு மிதிக்கு ஒருதரம் அவர் அதையே கேட்டார். ஒவ்வொரு தரமும் ஒரு தட்டு. மந்திகைக்குக் கிட்ட ஒரு தரம் தட்டு விழச் சுணங்கியது. அந்த இடத்தில் தான் என்ன செய்தார், எப்படி மிதித்தார் என்பது அவருக்கு இன்றைக்கும் தெரியாது. "அண்ணை அப்ப சைக்கிளோடை பறந்தவர்" என்று லியோன்தான் பிறகு சொன்னான். அக்காவிடம் கேட்டால், "துப்புறதுக்காகத் திரும்பினனான், அவ்வளவுதான்" என்பார்.

ஆஸ்பத்திரியில் சனம் நிறைந்திருந்தது. அக்காவின் சேலைத் தலைப்பில் இரத்தத்தைக் கண்டதும் வழி விட்டார்கள். இளம் டொக்டர் ஒருவர் அக்காவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்.

"அடியிலை குத்தி நிக்குது போலக் கிடக்கு. வடிவாத் தெரியேல்லை. கரண்டும் இல்லை, ரோச்சுக்கு பற்றரியும் இல்லை" என்றார். பிறகு வராந்தாவைப் பார்த்தார். "கதிரையை வெளியிலை வையுங்கோ. கண்ணாடி ஒண்டு இருக்கு, வெயிலை உள்ளுக்கு அடிச்சுப் பாப்பம். என்ரை இரண்டு கையும் வேணும். ஆர் கண்ணாடி பிடிக்கிறது?"

"நான் பிடிப்பன்" என்றார் அண்ணை. "நான் பள்ளிக்கூட லாப்பிலை வேலை. ஒளிப் பாடத்துக்குப் பிடிக்கிறனான்."

அக்காவை வராந்தாவில் நிழலுக்குள் இருத்தினார்கள். அண்ணை முற்றத்தில் வெயிலுக்குள் நின்று, உள்ளங்கையளவு குழிவாடியைத் திருப்பினார். வெளிச்சப் பொட்டு அக்காவின் நெற்றியில் விழுந்தது. அங்கிருந்து காதுக்குத் தாவியது. பிறகு சுவரில் ஆடியது. பிள்ளைகளுக்கு முன்னால் ஆயிரம் தரம் பிடித்த கை.

"ஐயா, ஆட்டாதையுங்கோ" என்றார் டொக்டர்.

"ஓம்... ஓம்..."

பொட்டு வாய்க்குள் போய், வெளியே வந்து, மூக்கில் ஏறியது. டொக்டர் பெருமூச்சு விட்டார். லியோன் கையை நீட்டினான், "தாங்கோ அண்ணை." அண்ணை கொடுக்கவில்லை. கொடுக்கவும் முடியவில்லை, பிடிக்கவும் முடியவில்லை. அப்போது அக்கா கதிரையில் இருந்தபடியே கையை நீட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்துத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்தார். அவர் வராந்தாச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். அக்கா பிடியை விடவில்லை. வெளிச்சப் பொட்டு மெல்ல இறங்கி, திறந்த வாய்க்குள் போய் நின்றது.

"அப்பிடியே... அசையாதையுங்கோ... மூச்சை விடுங்கோ அம்மா..."

டொக்டரின் இடுக்கி உள்ளே போனது. முதல் தரம் பிடிபடவில்லை. இரண்டாந் தரமும் வழுகிவிட்டது. அக்காவின் நகம் அண்ணையின் தோலுக்குள் இறங்கியது. மூன்றாந் தரம் டொக்டர் கையை வெளியே எடுத்தபோது இடுக்கியின் நுனியில் ஒரு அங்குல நீளத்துக்கு, வளைந்த, கண்ணாடிபோல மெல்லிய முள் இருந்தது.

"இப்ப கதைச்சுப் பாருங்கோ அம்மா."

அக்கா எச்சிலை விழுங்கினார். இன்னொருதரம் விழுங்கினார். பிறகு கரகரத்த குரலில், "என்ரை செருப்பு எங்கை?" என்றார்.

அப்போதுதான் எல்லாரும் அவருடைய காலைப் பார்த்தார்கள். மணற்காட்டில் இருந்து வெறுங்காலோடே வந்திருந்தார். பஞ்சலிங்கம் அண்ணை வராந்தாப் படியில் குந்தி, முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதார். டொக்டர் அவருடைய தோளில் தட்டி, "இரண்டு நாளைக்குச் சூடு, உறைப்பு வேண்டாம். கஞ்சி குடுங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அன்று பின்னேரம் திரும்பவும் மணற்காட்டில் இருந்தார்கள். லூர்த்தம்மா பால்க்கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து, அக்கா குடித்து முடியும்வரை பக்கத்தில் இருந்து வாயையே பார்த்தாள். பிறகு இருவரும் மணல்மேட்டில் ஏறி இருந்தார்கள். அக்காவுக்குக் கதைத்தால் நொந்தது. ஆனாலும் கதைத்தார்.

"பயந்திட்டியளோ?"

"ஓம்."

"நானும்."

பிறகு அக்கா, "அந்த நாலு நாளும் கோயில் மண்டபத்திலை நான் என்ன செய்தனான் தெரியுமோ?" என்று கேட்டார். அண்ணை தலையைக் குனிந்தார். இந்த ஏழு வருடத்தில் அந்த நாலு நாளைப்பற்றி அவர் ஒருதரமும் கேட்கவில்லை. கேட்டால் அக்கா என்ன சொல்லுவாரோ என்று பயம். தன்னை விட்டுவிட்டுப் போன மனிதன் என்று சொல்லுவாரோ என்கிற பயம்.

"உங்களைத் திட்டிக்கொண்டு இருந்தனான். லாப் பூட்டைப் பாக்கப் போன மனுசன் எண்டு வாறவை போறவை எல்லாரிட்டையும் சொல்லித் திட்டினனான். திட்டிக்கொண்டிருந்தா நீங்கள் உயிரோடை இருக்கிறியள் எண்டு ஒரு நம்பிக்கை. செத்த ஆளை ஆரும் திட்டுவினமே?"

"நீர் என்னோடை கோவம் எண்டு நினைச்சன்."

"கோவம்தான். இப்பவும் கோவம்தான். ஒவ்வொருநாளும் படலையடியிலை வந்து நிண்டு 'ஒண்டுமில்லை' எண்டிட்டுப் போறியள். ஒருநாளாவது உள்ளுக்கு வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போனா என்ன?"

இருட்டுவதற்கு முன் கீழே இறங்கினார்கள்.

ஞாயிறு காலை லூர்த்தம்மா புட்டும், அக்காவுக்கென்று உறைப்பில்லாத மீன் சொதியும் தந்தாள். அண்ணை அக்காவின் சாப்பாட்டுக் கோப்பையை வாங்கி, மீனை விரலால் தேடித் தேடி உதிர்த்தார். தேடி முடிந்தபோது மீன் தூளாகிவிட்டது. "உதை இனி நான் சாப்பிடுறதோ, கோழிக்குப் போடுறதோ?" என்று அக்கா கேட்டார். ஆனால் கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். காற்று முதுகுப் பக்கம் இருந்தபடியால் திரும்பும் வழி இலேசாக இருந்தது.

அண்ணையின் பயம் அதோடு போய்விட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. திங்கட்கிழமையும் போத்தல் மூடியை இரண்டு தரம் தொட்டார். இடைவேளைக்குச் சைக்கிளை எடுத்தார். ஆனால் அன்று இடைவேளை முடிகிற மணி அடித்துப் பத்து நிமிடம் கழித்துத்தான் வந்தார். வாயில் தேத்தண்ணீர் மணத்தது. அதிபர் முறைத்தார். அண்ணை, "மன்னிக்கவேணும் சேர், நாளைக்கும் சுணங்கும்" என்றார்.

சித்திரையில் சண்டை மறுபடியும் தொடங்கியது. ஐப்பசி முடிவில், ஆமி முன்னேறி வர, எங்கள் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பி நடந்தது. வெளியேறும் வழியில் பாலத்தடி நெரிசலில் நான் அவர்களைத் தவறவிட்டேன். என்ன ஆனார்களோ என்று ஒன்றரை மாதம் ஒரு தகவலும் இல்லை. மார்கழியில், கொடிகாமத்தில் நான் தங்கியிருந்த இடத்துக்கு ஒருவர் கையில் ஒரு கடிதம் வந்தது. அண்ணையின் ஆய்வுகூட எழுத்து, கோடு போட்டதுபோல நேராக இருந்தது. லியோன் வீட்டுக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டு இருக்கிறார்களாம், இருவரும் சுகமாம். ஓலைக் கொட்டிலில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கிறதாம். அங்கே வயிற்றோட்டம் பரவுகிறபடியால், பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொதிக்கவைத்துக் கொடுக்கிற வேலையைத் தான் எடுத்திருப்பதாக எழுதியிருந்தார். கடைசி வரி அக்காவின் கையெழுத்தில் இருந்தது: "ஒவ்வொரு பானையையும் இரண்டு தரம் கொதிக்க வைக்கிறார். விறகு பொறுக்குகிறது நான்."